அண்ணன் கொண்டுவந்த பதினோரு பெட்டிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பெரும்பாலோர் அண்ணனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில்தான். பெற்றவள் இறந்து பன்னிரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்த மகன் என்றே அவரை உங்களுக்குத் தெரியும். பிறகு இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டார் என்றும், கண் மங்கிய பிறகு மலைக்கு வந்து தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டார் என்றும் பேசிக்கொண்டீர்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் வாழ்க்கை அவ்வளவுதான் என்று இந்த ஓராண்டு நினைவு நாளில் யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன். நான் கொல்லிமலையில் செவிலியராக வேலை பார்ப்பவள். எழுதிப் பழக்கமில்லாதவள். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பேளுக்குறிச்சியில் பிறந்தார். எங்கள் அய்யன் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலையும் சோளமும் விளைவித்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். ராசிபுரத்தில் பள்ளிப்படிப்பும் சேலத்தில் கல்லூரியும் முடித்த அண்ணன், சென்னைக்குப் போய் அச்சுத்தொழில் கற்றுக்கொண்டார். அங்கே அவருடைய வேலையைப் பார்த்த ஒருவர் லண்டனிலுள்ள அச்சகம் ஒன்றுக்குப் பரிந்துரைத்தார். நான் பாவாடை தாவணி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கப்பலேறினார்.

அந்த அச்சகத்தில் ஒரு வாரப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. எழுத்து கொஞ்சமாகவும் படங்கள் நிறையவும் இருக்கும். சுரங்கத்தில் கரி வெட்டுகிறவர்கள், நூற்பாலைப் பெண்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் என்று அந்த நாட்டின் உழைக்கும் ஜனங்களின் படங்கள். அண்ணன் அந்தப் பத்திரிகையின் படக் கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கிருந்து உதவியாளராகி, படங்களைத் தேர்ந்தெடுப்பவராகி, கடைசியில் அதன் ஆசிரியராகவே ஆனார். நம் பக்கத்து ஆள் ஒருவர் வெள்ளைக்காரர்களின் படப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார் என்பது உங்களில் பலருக்கு இப்போதுதான் தெரியவரும். எனக்கே நெடுநாள் தெரியாது. அவர் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் அங்கே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். படத்திலிருப்பவரின் பெயர் தெரியாமல் எந்தப் படமும் அச்சேறாது. படமெடுத்தவர் திரும்பிப் போய்க் கேட்டு வர வேண்டும். இதனால் அவரோடு சண்டை போட்டு வேறு பத்திரிகைக்குப் போனவர்களும் உண்டு. பின்னாளில் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னார்.

"மந்திரி படம்னா அடியில மூணு வரிக்குப் பேரும் பட்டமும் போடறாங்க. கரி அள்றவரு படத்துக்கு 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டாப் போதும்னு நெனைக்கறாங்க. அவருக்கும் அப்பன் ஆத்தா ஒரு பேரு வெச்சிருப்பாங்கல்ல அம்மிணி?"

அம்மா இறந்த தந்தி அவருக்குக் கிடைத்தது இதழ் அச்சுக்குப் போகிற நாளில். பத்திரிகை ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததால், ஒரு வாரம் நின்றால் ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயந்து இருந்துவிட்டார். காரியத்துக்கு வந்தபோது நம் பெரியவர்கள் அவரைக் கேட்காத கேள்வியில்லை. எதற்கும் பதில் சொல்லாமல் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் கேட்டேன். அதன்பிறகு பல ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. வருகிற கடிதங்களைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன்.

அவர் எதற்குப் பயந்தாரோ அது சில வருடங்களில் நடந்துவிட்டது. பத்திரிகை நின்றது. அதை விலைக்கு வாங்கியவர்கள் கட்டடத்தைக் காலி செய்தார்கள். யார் யார் படம் என்று எழுதிவைத்திருந்த பெயர்ப் பதிவேடுகள் பழைய காகிதத்தோடு போய்விட்டன. குப்பைக்கு என்று ஒதுக்கியிருந்த படங்களையும் நெகட்டிவ்களையும் அண்ணன் எழுதிக் கேட்டுப் பெற்றார். பதினோரு மரப்பெட்டிகள் நிறைந்தன. அதே சமயத்தில்தான் அவருடைய கண்ணில் அழுத்த நோய் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதும் சில வருடங்களில் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் எழுத்து கோணல்மாணலாக இருந்ததால் யாரோ என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். "அம்மிணி, உன் ஊட்டுல எனக்கும் பதினோரு பெட்டிக்கும் இடம் இருக்குமா" என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் கையெழுத்து அப்படி ஆகிவிட்டிருந்தது.

அப்போது நான் கணவரை இழந்து, மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். வீட்டுக்காரி பழனியம்மாள் பக்கத்துக் காட்டில் மரவள்ளியும் மிளகும் போட்டிருப்பவள். என் வயதுதான். பெட்டிகள் துறைமுகத்திலிருந்து பேளுக்குறிச்சி வரை லாரியில் வந்து, அங்கிருந்து சந்தைக்கு மிளகு ஏற்றிப் போய்த் திரும்புகிற வேனில் மலையேறின. வெயில் பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும், மலைக் குளிர்ச்சிதான் அதற்கு நல்லது என்று அண்ணன் நம்பினார். மலையின் ஈரத்தை நான் அறிவேன். ஆனால் ஃபிலிமைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பின்பக்க அறையில் சுவரோரமாக அடுக்கிவைத்தோம்.

பெட்டியில் இருந்தவை சில ஆயிரம் படங்கள். அவற்றில் இருப்பவர்களின் பெயர்கள் அண்ணனின் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. கண் இருக்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதி, அந்தந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரதியாவது அனுப்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நான் வேலைக்குப் புறப்படும் முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு வெளிச்சம் இருக்கும்வரை என்று உட்கார்ந்தோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன். முதல் வருடம் அப்படிப் போனது. பிறகு கண்ணாடியை நான் வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதைப் படிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

"என்ன தெரியுது கண்ணு?"

"ரெண்டு பொம்பளைங்க. தலையில துணி கட்டியிருக்காங்க. பின்னாடி மெஷினுங்க."

"இடது பக்கத்துக்காரிக்குப் பல்லு தெரியுதா?"

"தெரியுதுங்கண்ணா. சிரிக்கறாங்க."

"அப்ப அது வின்னிஃப்ரெட். பக்கத்துல அவ நாத்தனாரு. எழுதிக்கோ."

வீட்டில் வேலை இல்லாதபோது பழனியம்மாளும் வந்து உட்காருவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் நான் கவனிக்காததையெல்லாம் கவனிப்பாள். சுவர்க் கடிகாரத்தில் முள் எங்கே நிற்கிறது, யார் செருப்பு பிய்ந்திருக்கிறது என்று அவள் சொல்ல, அண்ணன் அதிலிருந்து ஊரையும் ஆளையும் பிடித்துவிடுவார். "பழனியம்மா எனக்கு ஆபீஸுல இல்லாமப் போயிட்டாளே" என்பார்.

எழுதி முடித்த படங்களை ராசிபுரத்து ஸ்டுடியோவில் பிரதி போட்டுத் தபாலில் அனுப்பினோம். இருபது முப்பது வருடத்துக்கு முந்தைய முகவரிகள். பெரும்பாலானவை அப்படியே திரும்பி வந்தன. தபால்காரர் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனதும் எத்தனை என்று அண்ணன் கேட்பார். நான் சொல்வேன். அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிட மாட்டார்.

நான்கு பெட்டிகள் முடிந்திருந்தன. மூன்றாவது மழைக்காலம் வந்தது. ராசிபுரத்தில் என் மகளுக்குப் பிரசவம். சிக்கலான பேறு என்பதால் இருபது நாள் அவளோடு இருக்க நேர்ந்தது. சாப்பாட்டுக்குப் பழனியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனேன். அந்த இருபது நாளும் மலையில் மழை விடவில்லை. அண்ணன் தினமும் பெட்டிகளின் மேல்மூடியைத் தடவிப் பார்த்திருக்கிறார். மூடி காய்ந்தே இருந்திருக்கிறது. தண்ணீர் சுவரில் இறங்கி அடியிலிருந்து ஏறியதை அவர் எப்படி அறிவார்?

நான் திரும்பி வந்த காலை, வாசலில் என் காலடி கேட்டதும், "விடிஞ்சிருச்சா கண்ணு?" என்றார். அவர் முகத்தின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் இருட்டு என்கிற வேறுபாடாவது தெரிந்துகொண்டிருந்த கண்கள் அதையும் இழந்துவிட்டன என்று அந்தக் கேள்வியில்தான் புரிந்துகொண்டேன்.

"விடிஞ்சு நேரமாச்சுங்கண்ணா" என்றேன்.

வெயில் பட்ட கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஒரு மாதிரி புழுங்குன வாசம் வருது. பெட்டியெல்லாம் நல்லாத்தான இருக்குது? போயிப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று பெட்டிகளிலும் உறைகள் ஊறி, நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒன்றைப் பிரித்தேன். காய்ச்சிய பாலின் ஏடு வருவதுபோல் படம் தனியே உரிந்து என் விரலில் வந்தது. வெறும் ஃபிலிம் மிஞ்சியது.

"அரிசி மூட்டை ஈரமாயிருச்சுங்கண்ணா. பெட்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை தங்கவில்லை என்று தாயிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அண்ணனிடம் சொல்ல நா எழவில்லை. அடுத்து வந்த நாட்களில் அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் நானும் பழனியம்மாளும் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாக அலசினோம். அடுப்படியில் கயிறு கட்டித் துணி கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டோம். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

"சொல்லிப்புடுங்கம்மா" என்றாள் பழனியம்மாள். "எத்தன நாளைக்கு மூடி வெக்கறது?"

"கண்ணு போன வாரத்துல இதையும் சொன்னா அவரு பொழைக்க மாட்டாரு."

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லீங்க. ஆனா அவரு கேப்பாருங்களே."

கேட்டார். ஒரு காலையில், "அஞ்சாம் பெட்டியை ஆரம்பிக்கலாமா? முதல் உறையை எடு" என்றார். நான் எடுத்தேன். கையில் இருந்தது கலங்கிய வெறும் ஃபிலிம். என்ன தெரிகிறது என்றார்.

"ஒரு பொம்பளைங்கண்ணா. நாற்காலியில உக்காந்திருக்காங்க."

"எந்தப் பக்கம் பாத்து?"

"ஜன்னலைப் பாத்துங்க."

"வயசு?"

"அம்பது இருக்கும்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. மெதுவாகச் சொன்னார்: "அஞ்சாம் பெட்டி முதல் உறை, மில்லு மூடுன மறுநாள் எடுத்தது. வரிசையா மெஷினு நிக்கும். ஆளே இருக்க மாட்டாங்க கண்ணு."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"எத்தனை போச்சு?"

"மூணு பெட்டிங்கண்ணா."

"போனதைப் போச்சுன்னு சொல்லியிருக்கலாமே. இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, என் வாயாலயே அவளுக்குப் பேரு வெக்க வெச்சிருப்பியே."

அண்ணன் என்னிடம் கோபப்பட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அம்மாவின் காரியத்தின்போது நான் பேசிய பேச்சுக்குக்கூட அவர் கோபப்பட்டதில்லை.

அதன்பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நான்காம் நாள், "மீதியையும் எடுத்து அடுப்புல போட்டுரு. நீயும் நிம்மதியா இருப்ப" என்றார். நான் பெட்டிகளைத் தொடவில்லை. அவர் அப்படியே போய்விடுவார் என்றுதான் எண்ணினேன். படுக்கையை விட்டு எழாமல் போனவர்களை இந்த மலையில் நிறையப் பார்த்தவள் நான்.

மறுநாள் பழனியம்மாள் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். அண்ணனின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவர் கேட்கிறாரா இல்லையா என்று பார்க்காமலே பேசினாள்.

"ஏனுங்க, எட்டாம் பெட்டிக்குத் தண்ணி ஏறியிருக்குதான்னு அன்னிக்குத் தொறந்து பாத்தேனுங்க. நல்லாத்தான் இருக்குது. அதுல ஒரு சின்னப் புள்ள கோழியை அணைச்சுப் புடிச்சிட்டு நிக்குதுங்க. பாவாடை நனைஞ்சு கெடக்குது. அது யாரு புள்ளைங்க?"

அவள் கிழங்கைத் தோலுரிக்கத் தொடங்கிவிட்டாள். பாதிக் கிழங்கு உரித்திருப்பாள்.

"கோழியில்ல" என்றார் அண்ணன். "வாத்து. வெள்ளம் வந்த ஊரு. அந்தப் புள்ள பேரு ஜோன்."

நான் நோட்டை எடுத்து வந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் பெட்டியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தோம். ஆலை வாசலில் நான்கு பெண்கள் நிற்கிற படம். பத்திரிகையின் அட்டையில் வந்தது. அதில் ஓரத்தில் நிற்பவர் டோரத்தி என்று அண்ணன் சொல்லி நான் எழுதியிருந்தேன். டோரத்தியின் மகள் பதில் போட்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டு எழுதியிருந்தார்: படத்தில் இருப்பது என் அம்மா இல்லை. அம்மா ஐந்தாவதாக நின்றாராம். பத்திரிகை வந்தபோது அவரை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்களாம். சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. அந்த வயதில் அம்மா எப்படி இருந்தார் என்று பார்க்க எங்களிடம் ஒரு படமும் இல்லை. வெட்டாத முழுப் படம் உங்களிடம் இருக்கிறதா?

நான் வாசித்து முடித்ததும் அண்ணன் சொன்னார்: "வெட்டினவன் நான்தான். அட்டைக்கு அகலம் பத்தல. பேரையும் மாத்தி வெச்சுட்டேன் பாரு."

"முழுப் படம் எதுல இருக்குதுங்கண்ணா?"

"ஆறாம் பெட்டி."

இரண்டு நாள் அவர் எந்தப் பெட்டியையும் திறக்கச் சொல்லவில்லை. எந்தப் படத்திலும் பெயர் தவறக் கூடாது என்று வாழ்ந்த மனிதர். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். வெட்டியது தான் என்று முதல் வரியிலேயே சொன்னார். நெகட்டிவ் தன் வீட்டில் தன் பொறுப்பில் இருந்தபோது நனைந்து அழிந்துவிட்டது என்றார். அது என் வீட்டுச் சுவர், நான் இல்லாத நேரம் என்று சொன்னேன். அதையெல்லாம் எழுத வேண்டாம் என்றார். பிறகு அந்தப் படத்தை நினைவிலிருந்து சொன்னார். டோரத்தி பக்கத்துப் பெண்ணின் தோளில் கை வைத்திருந்தார். கட்டம் போட்ட மேலங்கி. தோளில் இருந்த கையில் நடுவிரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

"முகம் எப்படிங்கண்ணா இருந்துச்சு? அதைத்தான அந்தம்மா கேக்கறாங்க."

நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவர் அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில், "முகம் ஞாபகம் இல்லைன்னு எழுது" என்றார்.

"நல்லாச் சிரிச்ச முகம்னு ஒரு வார்த்தை போட்டாத்தான் என்னங்கண்ணா?"

"ஞாபகம் இல்லைன்னு எழுது கண்ணு."

எழுதி அனுப்பினோம். பதில் வரும் வரும் என்று காத்திருந்தார். மார்கழிப் பனியில் சளி பிடித்து அது நெஞ்சில் இறங்கியது. நிமோனியா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேனில் படுக்க வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்குவதற்கு நடுவே, "பத்தாம் பெட்டி, மொத உறை" என்று ஆரம்பித்து, எந்தப் படம் என்று சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்கினார். ஒன்பதாம் பெட்டி வரைதான் நாங்கள் முடித்திருந்தோம். படம் கையில் இல்லாமல் அந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது என்று எனக்கு விளங்கவில்லை. பேச வேண்டாம் என்று தடுத்தேன். கேட்கவில்லை. கிடைத்த தாளில் எழுதினேன். பதினேழு பெயர்கள் சொன்னார். பதினெட்டாவது பெயரில் முதலெழுத்து மட்டும் வந்தது. அன்று பிற்பகல் அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

பேளுக்குறிச்சியிலேயே அடக்கம் செய்தோம். காரியமெல்லாம் முடிந்து நான் மலைக்குத் திரும்பிய பிறகு, டோரத்தியின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. ஆலையில் தன் அம்மாவின் நடுவிரல் நுனி மெஷினில் போன கதை வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். "அவர் சொல்வது என் அம்மாவைத்தான். அவர் அம்மாவைப் பார்த்திருக்கிறார். கடிதத்தை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். முகம் நினைவில்லை என்று ஒளிக்காமல் சொன்னதால் மற்றதை நான் நம்புகிறேன்." அதை அண்ணனிடம் வாசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்ற எண்ணம் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் சக செவிலியர்களுக்கும், பனிமூட்டத்தில் வேனை நிதானமாக இறக்கிய ஓட்டுநருக்கும், திரும்பி வந்த கட்டுகளைக்கூட நனையாமல் கொண்டுவந்து கொடுத்த தபால்காரருக்கும், பழைய மனக்குறையை மறந்து அண்ணனுக்குத் தோள் கொடுத்த மாமன் மச்சான் முறையினர் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஊரிலிருந்து நீங்கள் வந்து நின்றது எனக்குப் பெரிய ஆறுதல். பழனியம்மாளுக்கு நன்றி என்று எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை.

படங்களை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று அங்கும் இங்கும் சில இடங்களுக்கு எழுதிப் பார்த்தேன். பெயர் இல்லாத படங்களை எடுத்துக்கொள்வதற்கில்லை என்று சிலர் எழுதினார்கள். பலர் எழுதவில்லை. ஆகவே மீதிப் பெட்டிகளைப் பழனியம்மாள் தன் வீட்டு மச்சில் ஏற்றிவைத்திருக்கிறாள். மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று பத்தாம் பெட்டியைத் திறந்திருக்கிறோம். அவள் பார்த்துச் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். குல்லா போட்ட ஆண். கைக்குழந்தையோடு ஒரு பெண். கண்ணாடி போட்ட கிழவர், பக்கத்தில் நாய். பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்ப்பதில்லை. அந்தப் பதினேழு பெயர்களும் தனித் தாளில் இருக்கின்றன. யாருடைய பெயர் யாருக்கு என்று சொல்ல இனி ஆள் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயருக்கு ஒரு வரி இடம் விட்டுவிட்டு அடுத்த படத்தை எடுக்கிறோம்.